செல்போர்ன் சிற்றூரில் ஒரு நாள்

ஆங்கிலப் பாடநூல்களின் வழியே ‘குக்கூ’, ‘ரொபின்’, ‘டெய்சி’, ‘பிரிம்ரோஸ்’ என்னும் பெயர்களை அறியாத மாணவர் எங்கள் தலைமுறையில் அரியர். கீழ் வகுப்பிலே தொடங்கிப் பட்டப்படிப்பு முடியும் வரை இப்பெயர்கள் எம்மை விடாது தொடர்ந்து வந்தன. அவற்றை மனனஞ் செய்தோம், அவற்றைப் பற்றிய வினாக்களுக்கு விடை எழுதினோம், புள்ளிகளும் பெற்றோம். ஆயின், அந்தப் பறவை எவ்வளவு பெரிது, அந்தப் பூவுக்கு எத்தனை இதழ் என்று எவரேனும் கேட்டிருந்தால், எம்மிற் பெரும்பாலோர் வாய் திறந்திருக்க மாட்டோம்.

நானும் அவ்வழி வந்தவனே. ஆசிரியனான பின்னர், ‘குக்கூ’ என்ற சொல் பாடத்தில் வந்தபோதெல்லாம், ‘நமது குயில்’ என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அப்பாற் சென்றேன். இருபது ஆண்டுகள் இவ்வாறே கழிந்தன. அவ்வாறு எழுதியது தவறென எனக்கு உணர்த்தியது ஒரு நூலன்று. ஓர் ஆங்கிலச் சிற்றூரும், பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனும், ஒரு புறாவுமே. அவ்வரலாற்றை ஈண்டுக் கூற விரும்புகிறேன்.

வைட் பாதிரியாரின் ஊர்

சென்ற ஆண்டு மே மாதத்தில், இலண்டனில் வாழும் என் தங்கையின் வீட்டிற் சில வாரங்கள் தங்கியிருந்தேன். அரண்மனையும் நூதனசாலைகளும் பார்த்தாயிற்று. “அண்ணை, வேறை எங்கை போக விருப்பம்?” என்று தங்கை வினவியபோது, செல்போர்ன் என்றேன். அவள் அப்பெயரைக் கேட்டறியாள். அவள் மகனோ துள்ளி எழுந்து, தானும் வருவதாகக் கூறினான். பறவைகளிலும் பூச்சிகளிலும் அவனுக்குப் பெரிய ஈடுபாடு உண்டு என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

வாட்டர்லூ நிலையத்திலிருந்து புகைவண்டியில் ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேலாகச் சென்றால் ஓல்டன் என்னும் பட்டினம் வரும். அங்கிருந்து பஸ்ஸில் நாலைந்து மைல் தூரம். ஹம்ஷயர் மாகாணத்தின் பசிய குன்றுகளுக்கிடையே ஒரே தெருவாக நீண்டு கிடக்கிறது செல்போர்ன். தெருவின் ஒரு பக்கத்திலே பழைய தேவாலயம். மறுபக்கத்திலே செங்குத்தாக எழும் ஒரு குன்று. அதன் சரிவு முழுவதும் பீச் மரக்காடு. இத்தகைய சரிவுக் காட்டை அவ்வூரார் ‘ஹேங்கர்’ என்பர்.

இவ்வூரிலே 1720ஆம் ஆண்டு பிறந்தவர் கில்பேர்ட் வைட். ஒக்ஸ்போர்டிற் கற்றுப் பட்டம் பெற்றும், பெரிய பதவிகளை நாடாது, தம் ஊருக்கே மீண்டு, உதவிப் பாதிரியாராக வாழ்ந்து, 1793ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் அங்கேயே மறைந்தார். அவர் செய்த பெருஞ்செயல் யாதெனில், தம் வீட்டைச் சுற்றிய நிலத்தை நாள்தோறும் உற்று நோக்கியமையே. எந்தப் பறவை எந்த நாளில் வந்தது, எந்தப் பூ எப்போது மலர்ந்தது, எந்தப் பூச்சி எங்கே முட்டையிட்டது என்பவற்றையெல்லாம் எழுதி வைத்தார். தோமஸ் பெனன்ட், டெயின்ஸ் பாரிங்டன் என்னும் இரு அறிஞர்களுக்கு அவர் வரைந்த கடிதங்களே, ‘செல்போர்னின் இயற்கை வரலாறு’ எனப்படும் நூலாக 1789ஆம் ஆண்டுக் குறிப்புடன் வெளிவந்தன. இன்றும் அந்நூல் படிக்கப்படுகின்றது. அவர் வாழ்ந்த இல்லம் இன்று நூதனசாலையாக விளங்குகின்றது.

தேவாலய முற்றத்திலே, தம் பெயரின் முதலெழுத்துக்கள் இரண்டும் இறந்த தேதியும் மாத்திரம் பொறித்த ஒரு சிறு கல்லின் கீழே அவர் துயில்கின்றார். அவர் காலத்தில் 23 அடிக்கு மேற்பட்ட சுற்றளவு கொண்டிருந்த யூ மரம் ஒன்று அம்முற்றத்திலே நின்றது. 1990ஆம் ஆண்டு ஜனவரிப் புயலில் அது வீழ்ந்தது. அடிமரம் மாத்திரம் இன்றும் காட்சி தருகின்றது. அதனருகே சிறிது நேரம் நின்றபின், நாங்கள் புல்வெளியை நோக்கி நடந்தோம்.

புல்வெளிப் பூக்கள்

புல்வெளியெங்கும் மஞ்சட் பூக்கள். “இதோ பட்டர்கப்!” என்றேன், பழைய நண்பனைக் கண்டவன் போல. சிறுவயதிற் கற்ற பெயர் அன்றோ!

“எந்தப் பட்டர்கப், மாமா?” என்றான் மருகன்.

நான் விழித்தேன். அப்பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட பூக்கள் உண்டு என்பதே எனக்குத் தெரியாது. அவன் முழந்தாளிட்டு ஒரு பூவின் காம்பைத் தொட்டுக் காட்டினான். “வடிவாய்ப் பாருங்கோ,” என்றான்.

இங்கிலாந்தின் வயல்களில் மிகப் பரவலாகக் காணப்படும் பட்டர்கப் மூவகைப்படும். பூக்காம்பு வரிப்பள்ளமின்றி வழுவழுப்பாக இருப்பின், அது உயர்ந்து வளரும் புல்வெளிப் பட்டர்கப். காம்பிலே நீளவாக்கில் வரிப்பள்ளம் ஓடி, செடி நிலத்திலே கொடிவிட்டு வேரூன்றிச் செல்லுமாயின், அது படரும் பட்டர்கப். பூவைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கும்போது, இதழ்களுக்கு அடியிலுள்ள பச்சைப் புல்லிகள் காம்பை நோக்கி மடிந்து கிடப்பின், அது குமிழ்ப் பட்டர்கப். அதன் அடித்தண்டு வெங்காயம் போலப் பருத்திருக்கும். மூன்றுக்கும் நிறம் ஒன்று, பளபளப்பு ஒன்று. காம்பையும் புல்லியையும் பாராதவனுக்கு மூன்றும் ஒன்றே. இந்தப் பூவை ஒருவர் மோவாயின் கீழே பிடித்து, மஞ்சள் ஒளி அங்கே படிந்தால் அவருக்கு வெண்ணெயிற் பிரியம் என்று சொல்லி ஆங்கிலச் சிறுவர் விளையாடுவர். மருகன் எனக்கும் பிடித்துப் பார்த்துச் சிரித்தான்.

டெய்சி மலரோ எங்கும் காலடியிற் கிடந்தது. ‘பகலின் கண்’ என்னும் பொருளுடைய பழஞ்சொல்லிலிருந்து வந்தது அதன் பெயர். இரவிலே கூம்பிப் பகலிலே விரியும் இயல்பினால் வந்த காரணப் பெயர். ஒரு பூவென நாம் எண்ணும் அது, உண்மையில் நூற்றுக்கணக்கான சிறு பூக்களின் கூட்டம். டாண்டிலயன் என்பது ‘சிங்கப் பல்’ எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல். அதன் இலையின் விளிம்பைப் பார்த்தால் பெயரின் காரணம் விளங்கும்.

வேலியோரத்தில் வெண்பூக்கள் செறிந்த ஒரு செடியைக் கண்டு கைநீட்டினேன். “அது பரவாயில்லை,” என்றான் மருகன். துணிவு கொண்டு அடுத்த செடியையும் தொட்டேன். மறுகணம் கை முழுவதும் தீப்பட்டதுபோல் எரிந்தது. நம் ஊர்க் காஞ்சொறியை நினைத்துக்கொண்டேன். முதலிற் கண்டது ‘செத்த நெட்டில்’ என்பது. சுணையற்றது, வெள்ளை இதழ்களுடையது. இரண்டாவதே மெய்யான நெட்டில். இலைகள் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. பூவைப் பாராதவன் கையினால் அறிய வேண்டியதுதான்! எனினும், அந்தச் சுணைச் செடியை வெறுத்தலாகாது. மயில் வண்ணத்தி, ‘சிறு ஆமையோடு’ எனப் பெயர் பெற்ற வண்ணத்தி முதலியவற்றின் புழுக்கள் நெட்டிலைத் தின்றே வளர்கின்றன. நெட்டில் இல்லையேல் அவையும் இல்லை.

காட்டின் ஓரத்தில் நீலநிறப் புளூபெல் மலர்கள் முடியுந் தறுவாயில் இருந்தன. இதிலும் இருவகை உண்டாம். அந்நாட்டிற்கே உரிய மலரின் தண்டு ஒருபுறமாக வளைந்து தொங்கும். மணிகள் ஒடுங்கி, நுனி சுருண்டு, இனிய மணம் கமழும். மகரந்தப்பை வெண்மஞ்சள் நிறம். ஸ்பெயினிலிருந்து தோட்டங்களுக்கு வந்த மலரோ நிமிர்ந்து நிற்கும், சுற்றிலும் பூக்கும், மணம் குறைவு, மகரந்தப்பை நீலம். இரண்டும் கலந்து பிறந்தவையும் இப்போது பல.

சிறகை எண்ணுக

பூவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மஞ்சளும் கறுப்புமான வரிகளையுடைய பூச்சி ஒன்று என் முகத்தெதிரே அசையாமல் அந்தரத்தில் நின்றது. குளவியென அஞ்சிப் பின்வாங்கினேன். மருகன் அசையவில்லை. “இது குத்தாது, மாமா. இதுக்கு ரெண்டு சிறகுதான்,” என்றான்.

குளவிக்கும் தேனீக்கும் சிறகு நான்கு. ஈயினத்திற்குச் சிறகு இரண்டே. என் எதிரே நின்றது குளவி வேடம் பூண்ட ஓர் ஈ. கொட்டும் உயிரென்று எண்ணிப் பறவைகள் அஞ்சி விலகும் என்பதே இவ்வேடத்தின் பயன். குளவியின் உணர்கொம்பு நீண்டது, இவ்வீயினதோ குட்டையானது, கண்கள் தலையை நிறைக்கும் அளவு பெரியன. அந்தரத்தில் ஒரேயிடத்தில் நிற்கும் வித்தை, பெயரை அறிந்தவனுக்கு முதல் அடையாளம். சிறகின் எண்ணிக்கையே முடிவான அடையாளம்.

தடித்த உரோமமுடைய பம்பிள் தேனீக்களை அவற்றின் பின்புறத்தைக் கொண்டு பிரித்தறியலாம். உடல் கறுத்துப் பின்புறம் செம்மையாயின் செவ்வால் தேனீ. மஞ்சட் பட்டைகளுடன் பின்புறம் வெண்மையாயின் வெள்வால் தேனீ. உடல் முழுதும் செம்பழுப்பாயின் கார்டர் தேனீ.

நெட்டில் இலையொன்றிலே சிவப்பு நிறப் பொறிவண்டு இருந்தது. முதுகிலே கரும்புள்ளி ஏழு. புள்ளிகளின் தொகை அதன் வயதைக் காட்டும் என்பது சிறுவரிடையே வழங்கும் கதை, அது பொய். புள்ளிகள் இனத்தைக் காட்டுமேயன்றி வயதைக் காட்டா. ஆங்கிலத்தில் இதற்கு ‘மாதாவின் வண்டு’ என்னும் கருத்தமைந்த பெயர்; புள்ளி ஏழும் தேவமாதாவின் ஏழு துயரங்களைக் குறிப்பன என்று பழங்காலத்தார் கொண்டனர். 2004ஆம் ஆண்டிலே ஆசியாவைத் தாயகமாகக் கொண்ட வேறொரு பொறிவண்டும் அந்நாட்டிற் காணப்பட்டு, விரைவிற் பரவிவிட்டது. அதன் நிறமும் புள்ளியும் பலவாறாக வேறுபடும். ஆதலின் எண்ணிப் பார்ப்பது மட்டும் இப்போது போதாது. பருமனையும் கால் நிறத்தையும் நோக்கல் வேண்டும்.

குரலால் அறிதல்

வைட் அவர்களும் அவர் தம்பியும் 1753ஆம் ஆண்டிலே வெட்டுவித்த வளைவு நெளிவான பாதையொன்று ஹேங்கர்க் குன்றின்மேல் ஏறுகின்றது. மூச்சு வாங்க ஏறினோம். பாதையோரத்திற் குந்தியிருந்த ரொபின் ஒன்று எம்மை அஞ்சாது நோக்கியது. பாட்டிலே ‘செந்நெஞ்சு’ என்று படித்தேன். நேரிலே அது செம்மஞ்சள். நெஞ்சு மட்டுமன்றி முகமும் அந்நிறமே. ஆணும் பெண்ணும் ஒரே தோற்றம். குஞ்சுக்கோ செம்மையே இல்லை. பழுப்பு நிறத்திற் புள்ளிகள் மாத்திரம் உண்டு. தோட்டத்தை ஒருவர் கொத்தினால், புழுவுக்காக அருகிலேயே வந்து நிற்கும். இத்துணைச் சாதுவாகத் தோன்றும் அது, தன் எல்லைக்குள் வேறொரு ரொபின் புகுந்தால் உயிர்போகும் அளவும் பொருதும்.

கீழே வயலில் இறங்கிய கரிய பறவைகளைக் கண்டு, “காகங்கள்,” என்றேன். “எந்தக் காகம்?” என்ற கேள்வி இப்போது எனக்கு வியப்பளிக்கவில்லை. அலகின் அடியிலே தோலுரிந்தது போல் வெளிறித் தோன்றினால், அது கூட்டமாக வாழும் ‘ரூக்’. முழுதும் கறுப்பாயின் ‘கரியன்’ காகம். சிறியதாய், பிடரி சாம்பலாய், கண் வெண்மையாய் இருப்பின் ‘ஜக்டோ’. வானத்திலே திரிந்தவற்றிலும் அவ்வாறே மூன்று. வால் இரண்டு நீண்ட கம்பிகளாகப் பிரிந்து, தொண்டை செம்மையாயின் சுவலோ. பின்முதுகில் வெள்ளைத் திட்டு இருப்பின் ஹவுஸ் மார்ட்டின். உடல் முழுதும் கருமையாய், சிறகு அரிவாள் போல் வளைந்து, கீச்சிட்டுக்கொண்டு பாயுமாயின் சுவிப்ட்.

இப்பறவைகளைப் பற்றி நுணுக்கமாக எழுதிய வைட் அவர்களே, மாரியில் அவற்றுட் சில தூரதேசம் செல்லாது ஊரிலேயே எங்கேனும் ஒளிந்து துயிலக்கூடும் என்ற ஐயத்தை விட்டொழிக்கவில்லை. 1911ஆம் ஆண்டு மே மாதம் ஸ்டாபோர்ட்ஷயரிலே காலில் வளையமிடப்பட்ட சுவலோ ஒன்று, 1912ஆம் ஆண்டு டிசம்பரில் தென்னாபிரிக்காவின் நேட்டால் மாகாணத்திற் பிடிபட்டபோதே அது செல்லும் தூரம் ஐயமின்றித் தெளிவாயிற்று. ஆசியாவின் வடபாகத்திற் பிறக்கும் அதே இனப் பறவைகள் மாரிகாலத்தில் நம் நாட்டிற்கும் வந்து, தந்திக் கம்பிகளில் வரிசையாக அமர்கின்றன. தகைவிலான் என்பது அதன் தமிழ்ப் பெயர்.

மரக்கிளைகளுக்கிடையே இரண்டு அசையில் ஒரு குரல் இடைவிடாது கேட்டது. மருகன் தன் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்தான். குரலைக் கேட்டுப் பறவையின் பெயரைத் திரையிலே எழுதிக் காட்டும் ஏற்பாடு அதில் உண்டு. கணத்திலே ‘சிப்சாப்’ என்ற பெயர் தோன்றியது. “பார்த்தாயா, இனிப் புத்தகமே வேண்டாம்,” என்றேன். அவன் தலையசைத்து மறுத்தான். “பேர் இது சொல்லும், மாமா. ஆனால் நான் இன்னும் அதைக் காணேல்லை.” அச்சொல் என்னைச் சற்றே தைத்தது. பாடநூல் எனக்குச் செய்ததும் இதுவே அன்றோ? பெயரைத் தந்தது, பொருளைக் காட்டவில்லை.

அக்காட்டிலேதான் வைட் அவர்கள் தம் புகழ்பெற்ற கண்டுபிடிப்பைச் செய்தார். பச்சையும் மஞ்சளும் கலந்த, விரலளவான சிறு பறவை ஒன்று அங்கு வாழ்ந்தது. அக்காலத்தார் அதனை ஓரினம் என்றே பெரும்பாலும் கருதினர். வைட் ஆண்டுக்கணக்காகக் கேட்டும் பார்த்தும், அது ஒன்றன்று, மூன்று என்பதை 1768ஆம் ஆண்டில் உறுதி செய்தார். ஒன்று தன் பெயரையே ‘சிப்-சாப்’ என இரண்டு அசையிற் கூவும். அதன் கால் கறுத்தது. மற்றொன்று மேலிருந்து கீழே படியிறங்குவது போல இழைந்து பாடும்; அதன் கால் வெளிறியது; அது வில்லோ வாப்ளர். மூன்றாவது சற்றுப் பெரியது. வயிறு தூய வெண்மை. பீச் மர உச்சியிலிருந்து நடுங்குங் குரலில் பாடும். அது வூட் வாப்ளர். தொலைநோக்கியும் ஒலிப்பதிவும் கைவசம் இல்லாத காலத்தில், செவியையும் பொறுமையையும் கொண்டு அவர் இதைச் செய்தார். இன்று அந்த மூன்றாவது பறவை தென்னிங்கிலாந்திலே மிக அரிதாகிவிட்டது. வேல்ஸ் முதலிய மேற்குப் புறக் காடுகளுக்குச் சென்றே அதனைத் தேட வேண்டும்.

நாங்கள் கால் மணி நேரம் அசையாமல் நின்றோம். ஈற்றில் இலைகளுக்கிடையே வாலை ஆட்டிக்கொண்டு அச்சிறு பறவை வெளிப்பட்டது. மருகன் என் கையைப் பற்றினான். “கறுத்தக் கால்!” என்று மெல்லக் கூறினான். அவன் முகத்திலே தோன்றிய மகிழ்ச்சியை, திரையிலே பெயர் தோன்றியபோது நான் காணவில்லை.

இன்னொரு மரத்திலிருந்து ‘டீச்சர், டீச்சர்’ என்று ஒரு குரல் எழுந்தது. கரிய தலையும் வெண்கன்னமும் மஞ்சள் வயிறும் அதன் நடுவே கருங்கோடும் கொண்ட கிரேட் டிட் என்னும் பறவை அது. ஆங்கிலச் சிறுவர் அதன் குரலை அவ்வாறே கேட்பராம். “உங்களைத்தான் கூப்பிடுது, மாமா,” என்றான் மருகன்.

ஏமாற்றிய புறா

மாலை நான்கு மணியளவில் ஊருக்குள் இறங்கினோம். பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது, ஒரு வீட்டின் கூரைக்கு அப்பாலிருந்து ‘கு-கூ’ என்னும் ஓசை வந்தது. என் உள்ளம் துள்ளியது. எத்தனை ஆண்டுகள் கற்பித்த பறவை!

“தம்பி, கேள்! குக்கூ! குக்கூவேதான்!” என்று உரத்துக் கூறிவிட்டேன். அருகில் நின்ற முதியவர் ஒருவர் திரும்பிப் பார்த்துப் புன்னகை புரிந்தார்.

மருகன் சிறிது நேரம் செவிசாய்த்தான். பெரியவரைத் திருத்துவதற்குச் சற்றுத் தயங்கினான் போலும். பின்னர், “மாமா, வடிவாய்க் கேளுங்கோ. அது மூன்று தரம் கூவுது. குக்கூ ரெண்டு தரம்தான். அது புறா,” என்றான்.

கூரையின் உச்சியிலே வெளிறிய சாம்பல் நிறப் புறா ஒன்று அமர்ந்திருந்தது. கழுத்தின் பின்புறத்திலே பாதி வட்டமாக ஒரு கரிய பட்டை. மூன்று அசை, நடுவசை அழுத்தம். கழுத்துப்பட்டைப் புறா என்பது அதன் பெயர். ஒவ்வொரு வசந்தத்திலும் இதனைக் கேட்டுக் குக்கூ வந்துவிட்டதென்று ஏமாறுவோர் ஆங்கிலேயரிலும் உண்டு என்று அம்முதியவர் சொல்லி என் நாணத்தைக் குறைத்தார்.

அன்றிரவு மருகனின் நூலைப் புரட்டிய எனக்கு அதனினும் பெரிய வியப்பு ஒன்று காத்திருந்தது. இப்புறா ஆங்கில நாட்டுப் பழம் பறவையன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவிலே பால்கன் பகுதியளவிலேதான் அது இருந்தது. பின்னர் வடமேற்கு நோக்கிப் பரவி, 1955ஆம் ஆண்டில் நோர்போக் பகுதியிலே முதன்முதலாகப் பிரித்தானியாவிற் கூடு கட்டியது. அதன் ஆசியப் பரப்போ இந்தியா வழியாக இலங்கை வரை நீள்கின்றது. இலங்கையிலும் குறிப்பாக வரண்ட வடகரையில், அதாவது மன்னாரிலும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும்! கள்ளிப்புறா எனத் தமிழ்ப் பறவை நூல்கள் கூறுவது இதனையே. ஆறாயிரம் மைல் கடந்து சென்று, ஆங்கிலக் குக்கூ என்று நான் கொண்டாடியது, என் சொந்த மண்ணிலே வாழும் ஒரு புறாவை! அதன் குரலை நான் ஊரிலே எத்தனை முறை கேட்டிருப்பேன்! கேட்டும் கேளாதவனாகவே இருந்திருக்கிறேன்.

கரும்பலகையில் எழுதிய ‘நமது குயில்’ என்பதும் அன்றிரவே ஐயத்திற்குள்ளாயிற்று. குக்கூவும் குயிலும் ஒரு குடும்பத்தன. பிற பறவையின் கூட்டில் முட்டையிடும் வழக்கம் இரண்டுக்கும் உண்டு. ஒற்றுமை அவ்வளவே. நமது ஆண்குயில் மின்னும் கருமை, செங்கண்; பெண் கபில நிறத்தில் வெண்புள்ளி. குக்கூவோ சாம்பல் நிறம். வயிற்றிலே குறுக்குக் கோடுகள். பறக்கும்போது சிறு வல்லூறு எனத் தோன்றும். குயில் காகத்தின் கூட்டை நாடும். குக்கூ தன்னினும் மிகச் சிறிய பறவைகளின் கூட்டை நாடும். குயிலின் குரல் மேன்மேல் உயர்ந்து செல்லும். குக்கூவின் குரல் இரண்டே சுரம், பின்னது தாழும். ஏப்ரலில் வந்து, ஜூன் மாதமளவில் ஆபிரிக்கா நோக்கித் திரும்பிவிடும் அப்பறவையின் தொகை அண்மைக் காலத்திலே பெரிதும் குறைந்துவிட்டது. அங்கு தங்கிய நாட்களில் நான் அதனை ஒருமுறையேனும் கேட்கவில்லை.

நாம் செய்யத்தக்கது

அந்நாட்டாரிடையிலும் இப்பெயர்கள் மங்கி வருகின்றன. 2007ஆம் ஆண்டில் வெளிவந்த ஒக்ஸ்போர்ட் சிறுவர் அகராதியிலிருந்து புளூபெல், பட்டர்கப், டாண்டிலயன் முதலிய சொற்கள் நீக்கப்பட்டன. கணினி சார்ந்த புதுச் சொற்கள் சேர்க்கப்பட்டன. பின்னர் இது பெரிய விவாதமாயிற்று. ஆயினும், 1979ஆம் ஆண்டிற் சிறுவர்க்கெனத் தொடங்கி, ஆண்டுதோறும் ஜனவரியில் ஒரு மணி நேரம் தம் தோட்டத்துப் பறவைகளை எண்ணி எழுதியனுப்பும் வழக்கம் அங்கே இன்று இலட்சக்கணக்கானோரிடம் பரவியுள்ளது. அவ்வெண்ணிக்கையிற் பல ஆண்டுகளாக முதலிடம் பெறுவது எது தெரியுமா? நம் வீட்டுக் கூரையில் வாழும் அதே அடைக்கலங்குருவியே.

நமக்கும் இப்பாடம் பொருந்தும். கபிலர் பெருமான் குறிஞ்சிப்பாட்டிலே 99 மலர்களின் பெயர்களை அடுக்கிச் சொன்னார் என்று தேர்வில் எழுதாத மாணவர் இலர். அவற்றுட் பத்தையேனும் செடியிலே காட்டவல்ல மாணவர் எத்தனை பேர்? அவர்களைக் கேட்கும் முன் ஆசிரியராகிய எம்மையே கேட்டல் முறை.

மருகனிடம் நான் கற்ற வழி எளியது. புதிய உயிரொன்றைக் கண்டால் ஐந்து வினாக்களை வினவுக. எனக்குத் தெரிந்த எந்த உயிரினும் பெரிது, எதனினும் சிறிது? வடிவம் யாது? நிறம் எந்த உறுப்பில் உள்ளது? என்ன செய்கின்றது? எந்த இடத்தில், எந்த மாதத்தில் காண்கிறேன்? விடைகளைக் குறித்துக்கொண்டு, பின்னரே நூலைத் திறக்க வேண்டும். பெயர் ஈற்றில் வரட்டும்.

நாம் யாழ்ப்பாணத்திலே, கவனமாகப் பார் என்பதற்கு ‘வடிவாய்ப் பார்’ என்கிறோம். இலண்டனிலே பிறந்த சிறுவன் தாயிடம் கற்ற அச்சொல்லை எனக்கே திருப்பித் தந்தான். உற்று நோக்குதல் என்பது வடிவை நோக்குதலே என்பதை அச்சொல் தானே உணர்த்துகின்றது.

ஊர் திரும்பிய மறுவாரம் பாடசாலை தொடங்கியது. முதல் நாள், கரும்பலகையிலே, ‘குக்கூ வேறு, குயில் வேறு’ என்று எழுதினேன். இருபது ஆண்டுகளாகத் தவறாகக் கூறி வந்ததை மாணவரிடம் ஒளிக்காது சொன்னேன். அவர்கள் சிரித்தனர், நானும் சிரித்தேன். அந்நேரம் வெளியே எங்கோ ஒரு புறா கூவியது. அது கள்ளிப்புறாவோ, கழுத்திலே வெண்புள்ளி நிறைந்த புள்ளிப்புறாவோ என்று வினவினேன். வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் உறுதியாகத் தெரியவில்லை.

புத்தகங்களை மூடிவிட்டு, எல்லோரும் ஓசையின்றி எழுந்து வெளியே சென்று பார்த்தோம்.